மலர் ஒன்றும் சொல்லவில்லை

ஜனவரி 6, திங்கள்

லைசென்ஸ் மார்ச் 31 அன்று முடிகிறது. நினைவூட்டும் மின்னஞ்சல் இன்று காலை வந்தது. என் பிறந்தநாளை நினைவு வைத்திருக்க இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. லைசென்ஸ் முடியும் நாளை மட்டும் அரசாங்கம் மறப்பதில்லை. அந்த அளவுக்காவது நான் வேண்டப்பட்டவள்.

புதிய படம் எடுக்க வேண்டும், பல் தெரியக்கூடாது. முகவரி மாறவில்லை, குற்றப் பதிவு இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில், வேலையில் அறிந்த தகவல் எதையும் வாடிக்கையாளர் தவிர வேறொருவருக்கும் வெளியிட்டதில்லை என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்து. பத்தொன்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவரும் கையெழுத்து.

ஸ்காபரோவில் இந்தக் கட்டிடம் முழுக்க எனக்குப் பெயர் சி.ஐ.டி. மலர். தனியார் துப்பறிவாளர் என்றால் ஏதோ துப்பாக்கியும் கறுப்புக் கண்ணாடியும் என்று நினைக்கிறார்கள். நான் செய்வது காருக்குள் இருப்பது. விபத்தில் நாரி போய்விட்டது, குனிய ஏலாது, கை தூக்க ஏலாது என்று நட்டஈடு கேட்பவர்களின் வீட்டுக்கு எதிரே, காப்புறுதிக் கம்பனிக்காக, கமராவும் மீன் ரோல்ஸுமாக இருப்பது. எங்கள் ஆட்கள் எப்போது எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும். குனிய முடியாது என்று படிவத்தில் எழுதிய ஒருவர் கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை அடித்ததை முழுதாகப் படம் எடுத்திருக்கிறேன். கடவுளுக்குப் பயந்தவர், கம்பனிக்குப் பயப்படவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

படம் எடுத்தாயிற்று. மூன்று தரம் எடுக்க வேண்டி வந்தது. முகத்தைச் சாதாரணமாக வைத்திருங்கள் என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். இதுதான் என் சாதாரணம் என்றேன்.

ஜனவரி 22, புதன்

குளிர், பூச்சியத்துக்கு இருபத்திரண்டு கீழே. ஆறு மணித்தியாலம் காருக்குள். ஒருவரும் வெளியே வரவில்லை. அறிக்கையில் அதையும் எழுத வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் நேரம் போட்டு எழுதுவதுதான் இந்தத் தொழில்.

பெப்ரவரி 4, செவ்வாய்

கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் ஈஸ்வரியக்காவைக் கண்டேன். பதினோராம் மாடிக்காரர். பதினைந்து வருடப் பழக்கம், எனக்குக் காய்ச்சல் என்றால் இரசம் கொண்டுவருபவர். அவருடைய அண்ணன் மகள் சாம்பவி, போன மார்ச்சில் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணமாகி வந்த பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு வந்து நிற்கிறாளாம். புருஷனிடம் திரும்பிப் போகமாட்டேன் என்கிறாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அக்காவே சொன்னார். சொல்லும்போது துவாயை மடித்துக்கொண்டே இருந்தார். ஒரே துவாயை நாலு தரம் மடித்தார்.

அந்தப் பெடியன் ரஜீவனைப் பற்றிக் கலியாணத்துக்கு முன் அக்கா என்னிடம் கேட்டிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை.

பெப்ரவரி 5, புதன்

ஞாபகம் இருக்கிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

அக்கா இன்று தேநீர் குடிக்க வந்தார். வந்த இடத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கலியாணத்துக்கு முந்தைய வருடம் ஆவணி மாதம், அதே உடுப்புத் தோய்க்கும் அறையில், அக்கா போனில் ஒரு படத்தைக் காட்டினார். "இவரைத் தெரியுமோ மலர்? அண்ணையின்ர மூத்தவளுக்குப் பேசுகினம்."

எனக்குக் கண்டவுடன் தெரிந்தது. வேலையில் பார்த்த முகம். வேலையில் பார்த்த முகத்தைப் பற்றி வெளியே கதைக்கக்கூடாது. சட்டம் அப்படி. அதனால் சட்டத்துக்கு ஒரு நூலும் பிசகாமல் பதில் சொன்னேன். "வேலை விசயமா நான் ஒருத்தரைப் பற்றியும் கதைக்கிறேல்லை அக்கா." அக்கா சிரித்துவிட்டுப் போனார். நல்ல பதில் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அக்கா அன்றே யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து அண்ணனிடம் சொன்னாராம்: "சி.ஐ.டி. மலருக்குத் தெரியாமல் இங்கை ஒரு பூச்சி அசையாது. அவவே ஒண்டும் சொல்லேல்லை. பயப்பிடாமல் செய்யுங்கோ." அதற்குப் பிறகுதான் அண்ணன் ஓம் என்றாராம்.

எங்கள் ஆட்களிடம் கலியாண விசாரணைக்கு ஒரு முறை உண்டு. கேட்கப்பட்டவர் ஒருபோதும் ஆளைக் கெட்டவன் என்று சொல்லமாட்டார். கலியாணம் குழப்பினவள் என்ற பெயரை யார் சுமப்பது? குறை இருந்தால் "வேற இடமும் பாருங்கோ" என்று மட்டும் சொல்வார். கேட்டவருக்கு விளங்கிவிடும், சம்பந்தம் அதோடு நிற்கும். அதைச் சொல்லாவிட்டால் குறை இல்லை என்று பொருள். இது எனக்குத் தெரியாத முறை இல்லை. என் சொந்தக்காரர் இரண்டு பேருக்கு நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

மூன்றே மூன்று சொல். அதில் ஆளின் பெயர் இல்லை, கோப்பு இல்லை, கம்பனி இல்லை. அந்த மூன்று சொல்லுக்காக எந்தச் சட்டமும் என்னைப் பிடித்திருக்காது. அன்றைக்கு அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் அதை விழுங்கினேன். படத்தில் அவன் நன்றாக உடுத்திக்கொண்டு கோயில் வாசலில் நின்றான்.

பெப்ரவரி 12, புதன்

லைசென்ஸ் அலுவலகத்துக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். பெயர் ஊர் இல்லாமல், 'ஒரு துப்பறிவாளர்' என்று போட்டு. பழைய வேலையொன்றில் கண்டது வேறொருவரின் பாதுகாப்புக்கு உதவும் என்றால் சொல்லலாமா?

பெப்ரவரி 14, வெள்ளி

பதில் வந்தது. வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் கூடாது. நீதிமன்றம் அழைப்பாணை அனுப்பினால் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மேலதிக விபரங்களுக்குச் சட்டத்தரணியை அணுகவும்.

வாசித்ததும் நிம்மதியாக இருந்தது. அதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது. கம்பனியின் அனுமதியைக் கேட்டுப் பார்க்கலாமே என்று பின்னேரம் தோன்றியது. கேட்கவில்லை.

பெப்ரவரி 22, சனி

சாம்பவி வந்தாள். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் அக்கா கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். இருபத்தாறு வயது. ஊரில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தவளாம். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு என் சுவரில் இருந்த கலண்டரையே பார்த்தாள்.

வழக்குப் போட்டிருக்கிறாள். அவன் கிட்ட வரக்கூடாது என்று ஒரு உத்தரவு கேட்டு. ஆரணி என்ற சட்டத்தரணி பார்க்கிறார். இவள் பொலிசுக்கும் போகவில்லை, டொக்டரிடமும் போகவில்லை. அவன் மறுத்தால் இவளுடைய சொல்லும் அவனுடைய சொல்லும் மட்டும்தான். தனக்கு முன்னர் அவனோடு ஒரு பெண் இருந்ததாக அயலில் கதை இருக்கிறதாம்.

"அந்த அக்காவைத் தேடித் தருவீங்களோ? அவவுக்கும் அடிச்சிருந்தால் நீதிமன்றம் நம்பும் எண்டு ஆரணி அக்கா சொல்லுறா. நான் சும்மா கேக்கேல்லை, காசு தருவன்."

எனக்கு ஏலாது பிள்ளை என்றேன். ஏன் என்று கேட்டாள். அதையும் சொல்ல ஏலாது என்றேன். ஒருவரைப் பற்றி ஒரு பக்கத்துக்கு வேலை செய்தவர் அவரைப் பற்றியே மறுபக்கத்துக்குச் செய்யக்கூடாது. அந்த விதியைச் சொன்னாலே அவளுக்கு விளங்கிவிடும். ஆகவே சொல்லவில்லை. வேறு இரண்டு துப்பறிவாளர்களின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவள் மரியாதையாக வாங்கிக்கொண்டாள்.

யாரால் எதைத் தூக்க முடியும் என்று பார்த்தே பழகிய கண் எனக்கு. சட்டியை வைத்ததும், கதவைத் திறந்ததும், சப்பாத்தைப் போட்டதும் இடது கை. வலது கை ஒரு தரமும் மேலே வரவில்லை. அவள் நடிக்கவில்லை. நடிப்பவர்கள் யாராவது பார்க்கும்போதுதான் கவனமாக இருப்பார்கள். இவள் நான் பார்க்கவில்லை என்று நினைத்த நேரத்திலும் அப்படித்தான் இருந்தாள்.

பெப்ரவரி 23, ஞாயிறு

அலுமாரி துப்புரவு. பழைய கோப்புகளை இரண்டு வருடம் வைத்திருந்தால் போதும், அதற்குப் பிறகு பிறருடைய தகவலைப் பாதுகாப்பாக அழித்துவிட வேண்டும். லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் இதெல்லாம் ஒழுங்காக இருப்பது நல்லது. பதினொரு கோப்பு, தாள் நறுக்கும் இயந்திரம் இரண்டு தரம் சூடாகி நின்றது. வீடியோக்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதைச் சுத்தியலால் உடைத்தேன்.

போன வருடம் இந்தத் துப்புரவு செய்யவில்லை. அதற்கு முந்தைய வருடமும் செய்யவில்லை.

பிட்டு நன்றாக இருந்தது. பாதியைக் கொட்ட வேண்டி வந்தது.

பெப்ரவரி 24, திங்கள்

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் உண்மையான பதில்.

மார்ச் 6, வியாழன்

காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். அழைப்பாணை. கொண்டுவந்தவர் எனக்குத் தெரிந்தவர்தான். நானும் அவரும் ஒரு காலத்தில் இதே வேலையைப் பங்குபோட்டுச் செய்தவர்கள். எத்தனை பேரின் கையில் நான் இப்படிக் கடதாசியைத் திணித்துவிட்டு, உங்களுக்கு ஒப்படைக்கப்பட்டது என்று சொல்லித் திரும்பியிருப்பேன். வாங்குபவரின் கை எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மார்ச் 19, காலை பத்து மணி, குடும்ப நீதிமன்றம். ரஜீவன் சம்பந்தப்பட்ட எல்லாப் பதிவுகளுடனும்.

மார்ச் 7, வெள்ளி

ஆரணி போனில் கதைத்தார். இங்கே பிறந்து வளர்ந்தவர், தமிழ் கொஞ்சம் தடுமாறும், மூளை தடுமாறாது. ரஜீவன் நீதிமன்றத்துக்குக் கொடுத்த வருமானப் பத்திரத்தில், நிராகரிக்கப்பட்ட நட்டஈட்டுக் கோரிக்கை ஒன்று இருந்ததாம். அந்த முடிவை எடுத்துப் பார்த்தால் துப்பறிவாளரின் பெயராக என் பெயர். கம்பனியிடமிருந்து அறிக்கையும் நாலு செக்கன் வீடியோத் துண்டும் வந்துவிட்டன. முழு வீடியோ வேண்டும் என்றார்.

அழித்துவிட்டேன் என்றேன். சட்டப்படியான காலம் முடிந்துவிட்டது என்றேன்.

"எப்ப அழிச்சனீங்கள் அன்ரி?"

திகதியைச் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"சாம்பவி உங்களட்டை வந்தது அதுக்கு முதல் நாள்."

ஓம் என்றேன். சரி அன்ரி, பத்தொன்பதாம் திகதி சந்திப்போம் என்று வைத்துவிட்டார். அவர் ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

அழைப்பாணை வந்துவிட்டது. இனிச் சொல்லலாம். இனிச் சொல்லத்தான் வேண்டும். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், நவம்பர் 17, புதன்கிழமை. ரஜீவனுக்கு வலது தோள் உறைந்துவிட்டது, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்த முடியாது என்பது கோரிக்கை. நான் மூன்றாம் நாளாகப் பின்தொடர்ந்தேன். ஒரு பெரிய கடைத்தொகுதியின் கார்த் தரிப்பிடம். நான் எட்டுக் கார் தள்ளி நின்றேன். அவனும் ஒரு பெண்ணும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெண் சாம்பல் நிறக் குளிர்ச்சட்டை, முப்பது வயது இருக்கும், எங்கள் பெண்தான். ஏதோ ஒரு பையை அவள் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள் போலிருக்கிறது. அதை எடுக்கத் திரும்பப் பார்த்தாள். அவன் அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்துக் காரோடு சாத்தினான். பிறகு அடித்தான்.

நேரம் 10:42. என் கமரா ஓடிக்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், கிட்டப் பிடித்தேன். அதுதான் உண்மை. மூன்று நாளாகக் காத்திருந்த கை மேலே போகிறது என்ற சந்தோஷத்தில் லென்ஸைத் திருகிக் கிட்டப் பிடித்தேன். இரண்டாவது அடி விழும்போதுதான் எனக்கு அது அடி என்று உறைத்தது. மூன்றாவது அடியையும் எடுத்தேன்.

போன் பக்கத்து ஆசனத்தில் கிடந்தது. பொலிசைக் கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள், நீ யார் என்று கேட்பார்கள், அவனுக்கு என் கார் தெரிந்துவிடும், வேலை கெட்டுவிடும். இதையெல்லாம் அப்போது நான் யோசித்தேனா, பிறகு யோசித்து அப்போது யோசித்ததாக வைத்துக்கொண்டேனா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் தானே காருக்குள் ஏறி, தானே ஆசனப் பட்டியைப் போட்டுக்கொண்டாள். நான் வீடு வரைக்கும் பின்னால் போனேன். 11:15, வீட்டை அடைந்தார்கள் என்று குறித்தேன்.

வீட்டுக்கு வந்து வீடியோவை வெட்டினேன். மூன்றாம் ஆட்களின் முகத்தை அறிக்கையில் சேர்க்கக்கூடாது, அது அவர்களுடைய அந்தரங்கம். ஆகவே பெண் இல்லாத நாலு செக்கனை மட்டும் அனுப்பினேன். சட்டகத்துக்குள் ஒரு தோளும் உயர்ந்த கையும் மட்டும். கீழே எழுதினேன்: '10:42 — வலது கை தோளுக்கு மேலாக, தடையோ வலியோ இன்றி, மூன்று தடவை உயர்த்தப்பட்டது.'

கம்பனியில் பாராட்டினார்கள். தெளிவான வேலை என்று எழுதி அனுப்பினார்கள்.

முழு வீடியோவை மட்டும் ஏனோ அழிக்காமல் வைத்திருந்தேன். சட்டம் வைத்திருக்கச் சொன்ன காலத்துக்கு மேலேயும் வைத்திருந்தேன். யாராவது ஒருநாள் வந்து கேட்பார்கள் என்று நினைத்தேனோ தெரியாது. சாம்பவி கேட்டு வந்தாள். நான் பயந்துபோனேன். அவனுக்காகப் பயப்படவில்லை. அந்த வீடியோவில் படம் எடுப்பவளின் மூச்சுச் சத்தம் கேட்கும், அதற்குத்தான் பயந்தேன்.

மார்ச் 19, புதன்

நீதிமன்றம். கறுப்புக் காற்சட்டை, சாம்பல் மேற்சட்டை. எத்தனையோ தரம் சாட்சி சொல்லப் போட்டுப் பழகிய உடுப்பு.

சாம்பவிக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், வேகமாகக் கதைத்தால் பிடிபடாது. பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்து மெல்லிய குரலில் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கே சொன்னதை அவள் அப்படித்தான் கேட்டாள். அரை வசனம் பிந்தி.

ஆரணி கேட்டார், நான் கண்டதைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு அந்த நாலு செக்கனைப் போட்டுக் காட்டினார்கள். பெரிய திரையில் ஒரு கை மேலே போகிறது. அவ்வளவுதான். ஒருவரைக் கூப்பிடக் கை காட்டுகிற மாதிரியும் இருந்தது.

ரஜீவனின் சட்டத்தரணி நல்ல மரியாதையான மனிதர். என்னை ஒரு குறையும் சொல்லவில்லை. என் அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டார். என்மேல் ஒரு முறைப்பாடும் வந்ததில்லைத்தானே என்று கேட்டார். அறிக்கையில் அடி என்ற சொல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்றேன். பெண் என்ற சொல்? இல்லை. பொலிசுக்கு அறிவித்தீர்களா? இல்லை. முழு வீடியோ எங்கே? அழித்துவிட்டேன். எப்போது? சொன்னேன்.

கடைசியில் அவர் நீதிபதியைப் பார்த்துச் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது. இவ்வளவு அனுபவமும் இவ்வளவு சுத்தமான பெயரும் உள்ள ஒருவர், தன் கண்முன் ஒரு பெண் அடிவாங்கியிருந்தால் பேசாமல் இருந்திருக்கமாட்டார். அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அன்று ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்குச் சொல்வது, அயலவர்மேல் உள்ள அனுதாபத்தால் வந்த ஞாபகம்.

ஈஸ்வரியக்கா யாழ்ப்பாணத்துக்குப் போனில் சொன்ன அதே நியாயம். இந்த மனிதர் அதைச் சட்டம் படித்துவிட்டுச் சொன்னார்.

வெளியே நடைபாதையில் சாம்பவி மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். நான் தாண்டிப் போகப் பார்த்தேன், திரும்பி வந்தேன். பக்கத்தில் போய் நின்றேன். ஏசுவாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்த அக்காவின்ர பேர் என்ன?"

தெரியாது பிள்ளை என்றேன்.

"உங்களுக்கு ஆக்களைத் தேடுறதுதானே வேலை. பிறகும் தேடிப் பாக்கேல்லையோ?"

அந்த வேலையில் அது கேட்கப்படவில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதைவிடப் பொய் ஏதாவது சொல்லியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

அவள் தன் சப்பாத்துகளைப் பார்த்தாள்.

"ஒராள் பாத்துக்கொண்டு நிண்டது தெரியாமல்தான் அவ அடி வாங்கியிருப்பா, என்ன?"

அக்கா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 28, வெள்ளி

முடிவு வந்துவிட்டது என்று ஆரணி அறிவித்தார். உடனடி உத்தரவுக்கு ஆதாரம் போதாது. வழக்கு ஆனி மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. மேன்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் சாம்பவி கையெழுத்துப் போட வரவேண்டும், போனை எடுக்கிறாள் இல்லை என்றார்.

மார்ச் 30, ஞாயிறு

ஈஸ்வரியக்கா லிஃப்ற்றுக்குள் வந்தார். என் ஏழாம் மாடி வரைக்கும் இருவரும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு திறந்ததும் நான் இறங்காமல் நின்றேன். அப்போதுதான் சொன்னார்.

யாழ்ப்பாணத்திலிருந்து தகப்பன் போன் எடுத்தாராம். சாம்பவியின் தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் விசாரிக்கும்போது மூத்தவள் புருஷனை விட்டுவிட்டு நிற்கிறாள் என்று கேள்விப்பட்டால் அது குழம்பும். தங்கச்சியின் கலியாணம் முடியும் வரைக்குமாவது பொறுத்துக்கொள் என்றாராம். நீதிமன்றமே அவனில் பிழை காணவில்லைத்தானே என்றும் கேட்டாராம்.

நேற்றுப் பின்னேரம் ரஜீவன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். அக்காவுக்கு ஒரு பெட்டி இனிப்பும் கொண்டுவந்தானாம்.

"நான் என்ன செய்ய மலர்? பெத்தவர் சொல்லுறார், நான் மாமிதானே."

கதவு மூடப் பார்த்தது. கையை வைத்துத் தடுத்தேன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா என்றேன். அவர் பொத்தானை அழுத்தினார்.

ஏப்ரல் 3, வியாழன்

லைசென்ஸ் வந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்குச் செல்லும். படத்தில் நான் யாரையோ பார்த்துக் கோபப்படுகிற மாதிரி இருக்கிறது. கூடவே கடமைகள் அச்சிட்ட தாள். வேலை நேரத்தில் அட்டையை வைத்திருக்க வேண்டும். முகவரி மாறினால் உடனே அறிவிக்க வேண்டும். தகவலைக் காக்க வேண்டும். எல்லாவற்றையும் திரும்ப வாசித்தேன். ஒருவர் அடிபடுவதைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை யாரும் எழுதி வைக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஏப்ரல் 4, வெள்ளி

பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மூன்று வருடமும் நாலரை மாதமும் பிந்தி. ஒரு பெண் அதிகாரி இருந்து எழுதினார். திகதி, நேரம், நிமிடம், காரின் இலக்கம், எல்லாம் மனப்பாடம். அடிவாங்கியவரின் பெயர்? தெரியாது. வீடியோ? இல்லை. இப்போது எங்கே இருக்கிறார்? தெரியாது. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சாம்பவியைப் பற்றிச் சொன்னேன். முகவரி கொடுத்தேன். தூக்க முடியாத அந்த வலது கையைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பத்தொன்பது வருடமாக அதைத்தான் பார்க்கிறேன் என்றேன். நேரில் போய் விசாரிக்க ஆட்களை அனுப்புவதாகச் சொன்னார். நன்றி சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு கடதாசித் துவாய் தந்தார்.

வீட்டுக்கு வந்து கன நாளைக்குப் பிறகு சோறு சமைத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அந்த அதிகாரி காலை பதினொரு மணிக்குப் போன் எடுத்தார். நேற்று மாலை இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய் வந்தார்களாம். கணவர் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டாராம், மனைவியையும் உடனே அழைத்தாராம். காயம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையாம். தனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, பயமும் இல்லை என்று அவள் சொன்னாளாம். ஆகவே இதை இத்தோடு மூடுவதாகவும், அக்கறையோடு வந்து சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னார்.

அவளோடு எந்த மொழியில் கதைத்தார்கள் என்று கேட்டேன். தாளைப் பார்த்துச் சொல்கிறேன் என்றார், பார்த்தார். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவு பிடிபடாதபடியால் கணவர்தான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்து உதவினார் என்றார்.